படியில்லா வீட்டிற் படியேற்றம்

உயர்தர வகுப்பில் உயிரியல் பயிலும் மாணவி ஒருத்தி இப்பகுதிக்கு அனுப்பிய கடிதமொன்று இவ்வாரம் விடை வேண்டி நிற்கிறது. கனடாவில் வாழும் அவளுடைய தமையனார், தாயாரின் உடல்நலங் கருதி, வீட்டில் வைத்துப் படியேறும் யந்திரம் ஒன்றை வாங்கி அனுப்பியிருக்கிறார். தாயாருக்கு வயது 58. பத்தாண்டுகளாக நீரிழிவு, இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை எடுக்கிறார். மகள் பாடசாலைக்குச் சென்றபின் வீட்டில் அவர் தனியே. "இன்று எத்தனை நிமிடம் ஏறினீர்கள் அம்மா என்று அண்ணா நாள்தோறும் தொலைபேசியிற் கேட்கிறார். அவர் மனம் நோகக்கூடாதென்று அம்மாவும் ஏறுகிறார். இறங்கும்போது மாத்திரம் ஒவ்வொரு நாளும் சுவரைப் பிடிக்கிறார். பாதத்தில் ஒன்றுந் தெரிவதில்லை என்கிறார். ஐயா, இந்த யந்திரத்தை அம்மா பாவிக்கலாமா?"

கடைகளில் 'ஸ்ரெப்பர்' என்ற பெயரோடு விற்கப்படும் இப்பொருள் இன்று நம்மவர் வீடுகள் பலவற்றிற் புகுந்துவிட்டது. சில வீடுகளிற் கட்டிலின் கீழே உறங்குகிறது; சில வீடுகளில் அதன் கைபிடிக் கம்பி துவாய் உலர்த்தும் கொடியாகப் பயன்படுகிறது. அந்நிலையில் அதனால் எவருக்கும் தீங்கில்லை. அதன்மேல் ஏறி நிற்பவர்களைப் பற்றியே இங்கு பேச வேண்டியிருக்கிறது.

யாழ்ப்பாணக் குடாநாடு தட்டையான நிலம். மாடியில்லாத வீடுகளே நமது பழைய வீடுகள். முற்றத்திலிருந்து விறாந்தைக்கு ஏற இரண்டு அல்லது மூன்று படிகள், அவ்வளவே. சிவனொளிபாதமலைக்குச் சென்று ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படிகளை ஏறி இறங்கி வந்த குடாநாட்டவர் மறுநாட் காலையிற் கட்டிலைவிட்டு எழும்பப் படும் பாட்டைக் கண்டவர்களுக்கு, படியேறுதல் நமது கால்களுக்கு எவ்வளவு புதிய தொழில் என்பது விளங்கும். ஆனால் அந்த நோவுக்குப் பெருங்காரணம் ஏற்றமன்று, இறக்கமே. இறங்கும்போது தொடைத்தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்குகிறது. அவ்வாறு நீளும்போது வேலை செய்யும் தசையே மறுநாள் அதிகம் நோகும். யந்திரத்தில் இந்த இறக்கம் பெரிதும் இல்லை. பாதம் மிதிபலகையைவிட்டு எழும்புவதுமில்லையாதலால், ஓடும்போது முழங்காலில் விழும் அதிர்ச்சியும் இங்கு இல்லை. இவ்விரண்டும் இதன் நற்பண்புகள் என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

படியேறுவதால் இருதயத்துக்கு நன்மையுண்டு என்ற எண்ணத்துக்கு வலுவூட்டிய ஆராய்ச்சி இலண்டன் மாநகரத்து இரட்டைத்தட்டு பஸ் வண்டிகளிற் பிறந்தது. ஜெரமி மொறிஸ் என்ற வைத்திய அறிஞரும் அவருடைய துணைவர்களும் 1953ஆம் ஆண்டில் அதனை வெளியிட்டனர். நாள் முழுவதும் இருந்தபடியே வண்டியோட்டிய சாரதிகளைவிட, நாளொன்றுக்கு ஐந்நூறுக்குக் குறையாத படிகளை ஏறி இறங்கிச் சீட்டு வழங்கிய நடத்துநர்களுக்கு மாரடைப்பு நோய் குறைவாகவே கண்டது. ஆயினும் அவர்கள் அதோடு நின்றுவிடவில்லை. இரு சாராருக்கும் வழங்கப்பட்ட சீருடைகளின் அளவுகளை ஒப்புநோக்கி, சாரதிகள் இடுப்பளவிற் பெருத்தவர்களாகத் தொழிலின் தொடக்கத்திலேயே இருந்தனர் என்பதையும் 1956ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினர். எனவே நன்மை முழுவதையும் படிகளின் கணக்கில் எழுதிவிட முடியாது. தம் முடிவைத் தாமே மீண்டும் சோதித்த இந்த நேர்மையை விஞ்ஞான மாணவர்கள் மனத்திற் கொள்வது நன்று.

படியேறும் யந்திரத்துக்கு இருண்ட முன்வரலாறும் ஒன்றுண்டு. 1818ஆம் ஆண்டளவில் வில்லியம் கியூபிற் என்ற ஆங்கிலப் பொறியியலாளர் சிறைக்கைதிகளுக்கென்று மிதிசக்கரம் ஒன்றை அமைத்தார். பெரிய உருளையின் புறத்தே படிகள். கைதி மேற்படியில் மிதிக்க, அது கீழே போகும். அவன் அடுத்ததை மிதித்தாக வேண்டும். மணிக்கணக்காக ஏறியும் ஒரு முழங்கூட உயராத இத்தண்டனை 1898ஆம் ஆண்டுச் சிறைச்சாலைச் சட்டத்தின் பின்னரே இங்கிலாந்தில் ஒழிந்துபோயிற்று. தண்டனையாக இருந்ததை இன்று நாம் விலைகொடுத்து வாங்குகிறோம். வேறுபாடு, நினைத்தவுடன் நிறுத்தலாம் என்பது. அந்த உரிமையைத் தாயார் ஒருவர் மகனுடைய தொலைபேசி வினாவுக்கு அஞ்சி இழந்துவிடலாகாது.

இனி யந்திரத்தின் அமைப்பைப் பார்ப்போம். வீட்டுக்கென விற்கப்படும் சிறிய யந்திரம் பெரும்பாலும் மின்சாரமின்றியே இயங்குவது. இரண்டு மிதிபலகைகள், ஒவ்வொன்றின் கீழும் எண்ணெய் நிரம்பிய உருளை. காலால் மிதிக்க, உருளையினுள் முசலம் எண்ணெயைச் சிறு துவாரத்தின் வழியே நெருக்கித் தள்ளுகிறது. அந்த நெருக்கமே நமது காலுக்குப் படிபோலத் தோன்றுகிறது. உண்மைப் படியில் ஏறினால் நமது உடல் உயர்ந்து, செய்த வேலை நிலைச்சத்தியாகச் சேர்ந்திருக்கும். இங்கோ நாம் நின்ற இடத்திலேயே நிற்கிறோம். அப்படியாயின் செய்த வேலை எங்கே போயிற்று? அது முழுவதும் எண்ணெயில் வெப்பமாயிற்று.

கணக்குப் பார்க்க விரும்பும் மாணவர்களுக்காகச் சொல்கிறேன். 60 கிலோகிராம் நிறையுள்ள ஒருவர் 15 சதமமீற்றர் மிதித்தால் ஏறக்குறைய 88 யூல் வேலை. நிமிடத்துக்கு 40 மிதியாக 15 நிமிடம் மிதித்தால் 53,000 யூல் அளவு வரும். ஓர் இலீற்றர் தண்ணீரை 12 பாகை செல்சியசுக்குச் சற்று மேலாகச் சூடாக்க இது போதும். இவ்வளவு வெப்பமும் இரண்டு சிறிய உருளைகளுக்குள் இறங்குகிறது. ஆதலால் பயிற்சி முடிந்தவுடன் அவற்றைத் தொட்டால் கை சுடும். அதைவிடப் பெரிய விடயம் ஒன்றுண்டு. எண்ணெய் சூடேறினால் இளகும். இளகினால் மிதிபலகை முன்னையிலும் விரைவாகக் கீழே போகும். தொடக்கத்தில் இறுக்கமாயிருந்த மிதி, களைப்பு வரும் நேரத்தில் திடீரெனச் சறுக்குவதுபோற் காலுக்குத் தோன்றுவது இதனாலேதான். இத்தனை நிமிடத்துக்குமேல் தொடர்ந்து பாவிக்க வேண்டாம் என்று கையேட்டில் எழுதியிருப்பது நமது உடலை மாத்திரம் எண்ணி எழுதியதன்று. அந்நேரத்தைக் கடக்காதீர்கள்.

இன்னொன்றையும் அதே கணக்குக் காட்டும். நமது தசைகள் செலவிடும் சத்தியில் நாலிலொரு பங்கோ அதற்குக் குறைவாகவோதான் வேலையாக மாறுகிறது. ஆகவே மேற்சொன்ன 15 நிமிடப் பயிற்சிக்கு உடல் மேலதிகமாகச் செலவிடுவது 50 முதல் 65 வரையான கிலோகலோரி. ஒரு துண்டுப் பாண் தருவதற்குக் கிட்டிய அளவு. யந்திரத்தின் சிறு கண்ணாடியில் ஓடும் கலோரி எண் உங்கள் நிறையையோ மிதியின் ஆழத்தையோ அறியாமலே பெரும்பாலும் கணிக்கப்படுவது. அதை நம்பி, எண்ணைப் பெருக்குவதற்காக மிதிப்பவர்களே விரைகிறார்கள், விரைபவர்களே விழுகிறார்கள். உடல் மெலிவதற்கு இதனைவிடச் சோற்றுக்கோப்பை அதிகம் உதவும். யந்திரத்தால் வரும் நன்மை தொடையின் வலிமையும், மூச்சின் நீட்சியும், சர்க்கரையின் கட்டுப்பாடுமாகும். அவை எண்ணிற் றெரிவன அல்ல.

யந்திரத்தை எங்கே வைப்பது என்பதிற் பலரும் கவனஞ் செலுத்துவதில்லை. மினுக்கிய தரையோட்டின்மேல் வெறுமனே வைத்தால் மிதிக்க மிதிக்க அது நகரும். அடியில் இறப்பர் விரிப்பு வேண்டும். ஓலைப்பாயும் துணிவிரிப்பும் உதவா, அவையும் சேர்ந்தே சறுக்கும். கைபிடியில்லாத யந்திரமானால், நிலைத்த பிடி ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். யன்னற் கம்பி நல்லது; சுவரிற் பூட்டிய மரச்சட்டம் அதனிலும் நல்லது. பிளாஸ்ரிக் கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு மிதிப்பவர்கள் உண்டு. ஆள் சாயும்போது கதிரையும் கூடவே சாயும் என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. பின்புறத்தில் இரண்டு பாகம் அளவு வெளி இருத்தல் வேண்டும். மேசை விளிம்பும் அம்மிக்கல்லும் தலைக்கு நேரே இருக்கும் இடத்தில் யந்திரம் எதற்கு?

வீட்டுக்குள்ளே செருப்பணியாத வழக்கம் நம்முடையது. நல்ல வழக்கந்தான்; ஆயினும் இந்த யந்திரத்தின்மேல் வெறுங்காலோடு ஏறுதல் தகாது, இறப்பர்ச் செருப்போடு ஏறுதல் அதனிலும் தகாது. வெறும் பாதம் வியர்வையில் வழுக்கும். செருப்பு முன்னே போக, கால் பின்னே நிற்கும். குதிக்காலை இறுகப் பிடிக்கும் சப்பாத்து ஒன்றை வீட்டுக்குள் மட்டும் அணிவதற்கென்று ஒதுக்கி வைத்தால், வழக்கத்துக்கும் குறைவில்லை. சேலையும் சாரமும் மிதியில் மாட்டிக்கொள்ளும். தாய்மார் வீட்டில் அணியும் நீளச்சட்டைகூடக் கணுக்காலுக்கு மேலே நிற்பதாக இருக்கட்டும்.

ஏறுவதும் இறங்குவதுமே இதில் முதன்மையான பாடம். இரு மிதிகளில் எது தாழ்ந்திருக்கிறதோ அதன்மேற் பிடியைப் பற்றியபடி முதற் காலை வைக்க வேண்டும். உயர்ந்த மிதியில் முதலில் வைத்தால் அது உடனே அமிழ்ந்து ஆளைத் தூக்கியெறியும். பாதம் முழுவதும் பலகையிற் படியட்டும். விரல் நுனியில் நின்று மிதிப்பவர்களுக்குக் கெண்டைக்காற் றசை பிடிப்பதும் பாதம் விறைப்பதும் உண்டாகும். மிதி முற்றாகத் தரையில் மோதும்வரை விடலாகாது. முழங்காலை முற்றாக நீட்டிப் பூட்டுவதுமாகாது. இரண்டிலும் மூட்டே அடிவாங்கும். முழங்கால் உட்புறமாகச் சாயாமல் பாதத்தின் திசையிலேயே போய்வரட்டும். கைபிடியில் உடற்பாரத்தைத் தொங்கவிடுபவர்களுக்குக் காலின் வேலை குறைந்து, நாரி நோவு மாத்திரமே மிஞ்சும்.

இறங்குமுன் இரண்டு மூன்று நிமிடம் மிக மெதுவாக மிதிக்க வேண்டும். இதற்குக் காரணம் உண்டு. காலில் இறங்கிய இரத்தத்தை மேலே தள்ளுவதிற் கெண்டைக்காற் றசை இரண்டாம் இருதயம்போல் உதவுகிறது. விரைவாக மிதித்துவிட்டுத் திடீரென நின்றால் அந்த உதவி நின்றுபோகும்; இரத்தம் காலிலே தேங்கும்; தலை சுற்றும். இரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்களுக்கு இது இன்னும் எளிதில் நேரும். தலைசுற்றும் அந்த நொடியிலேதான் ஒரு காலைத் தூக்கிப் பின்னே தரையைத் தேட வேண்டியிருக்கிறது. கடிதத்திற் கண்ட தாயார் சுவரைப் பிடிப்பது இந்த இடத்திலேயே. ஆகையால் மெதுவாக்கி, ஒரு மிதியைத் தாழ்த்தி அதிலே பாரத்தை நிறுத்தி, பிடியை விடாமல், மற்றக் காலைப் பின்புறமாகத் தரையில் ஊன்றி, தரை உறுதியென்று கண்டபின் முதற் காலை எடுக்க வேண்டும்.

எவ்வளவு வேகம் என்பதற்கு நாடியெண்ணிக் கணக்குப் பார்ப்பதைவிடப் பேச்சே நல்ல அளவுகோல். மிதித்துக்கொண்டே ஒரு வசனம் தடையின்றிப் பேச முடிகிறதா? அது போதிய வேகம். இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் குறைக்க வேண்டும். அற்றெனலோல், பைசொப்ரலோல் போன்ற மாத்திரைகளை எடுப்பவர்களின் நாடி, அந்த மருந்தின் தன்மையால், உழைப்புக்கேற்ப உயராது. அவர்களுக்கு நாடிக்கணக்கு ஏமாற்றும். உலக சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டலின்படி, வளர்ந்தவர் ஒருவர் கிழமைக்கு 150 நிமிடமாவது நடுத்தர உழைப்பில் ஈடுபடுதல் நன்று. ஒரே தடவையில் இவ்வளவு நேரம் என்ற நிபந்தனை அதில் இல்லை. காலையில் ஐந்து நிமிடம், மாலையில் ஐந்து நிமிடம் என்று பிரித்துச் செய்தாலும் கணக்கிற் சேரும். சித்திரை, வைகாசி மாதத்து நண்பகலிற் செய்ய வேண்டாம். புழுக்கத்தில் வியர்வை ஆவியாகாமல் உடல் கொதிக்கும்.

நெஞ்சில் இறுக்கம், இடக்கையிலோ தாடையிலோ நோவு, வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறல் ஆகியவற்றில் ஏதேனும் கண்டால் அந்த நொடியே நிறுத்தி இருந்துவிட வேண்டும். சிறிது ஆறியபின் தொடர்வோம் என்ற எண்ணம் வேண்டாம். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். அந்த இலக்கத்தை வீட்டிலுள்ள சிறுவர்களும் அறிந்திருத்தல் நல்லது.

இனி மாணவியின் வினா. நீரிழிவு பல ஆண்டுகள் நீடித்தவர்களுக்குப் பாதத்து நரம்புகள் பழுதுற்று உணர்ச்சி குன்றுவதுண்டு. "பாதத்தில் ஒன்றுந் தெரிவதில்லை" என்பது சாதாரண விறைப்பாகவும் இருக்கலாம். இந்த நரம்புப் பழுதாகவும் இருக்கலாம். எதுவென்பதை வைத்தியர் பாதத்தைச் சோதித்தே சொல்ல முடியும். தரை எங்கே, பலகையின் விளிம்பு எங்கே என்று மூளைக்கு அறிவிப்பது பாதமே. அச்செய்தி வராதவர் அசையும் பலகையில் நிற்பது, இருட்டிற் கிணற்றுக்கட்டில் நடப்பதற்கு ஒப்பாகும். சப்பாத்துக் கடித்த கொப்புளமும் அவருக்குத் தெரியாது; அது புண்ணாகி ஆறாமற் போவதுமுண்டு. சர்க்கரைக்கு இன்சுலினோ கிளிக்ளசைட் போன்ற மாத்திரையோ எடுப்பவராயின், பயிற்சியின்போது சர்க்கரை அளவுக்கு மீறிக் குறைந்து மயக்கம் வரவுங் கூடும். இவை யாவற்றையுங் கொண்ட ஒருவர் தனியே இருக்கும் வீட்டில் அந்த யந்திரத்தின்மேல் ஏறலாகாது என்பதே என் கருத்து. இருதயத்துக்கென்று வந்த பொருளால் இடுப்பெலும்பு முறிந்தால், அந்த வயதில் அதன் பின்விளைவு சிறிதன்று. படுக்கையிற் கிடக்கும் மாதங்களில் இருதயமும் சேர்ந்தே தளரும்.

ஆகவே, தங்கையே, இப்போதைக்கு அதனை மூடி வை. அடுத்த கிளினிக் நாளில் அம்மாவின் பாதங்களைச் சோதிக்கும்படி வைத்தியரைக் கேள். அதுவரையில், அசையாத மரக்கதிரையைச் சுவரோடு ஒட்டிவைத்து, கையூன்றாமல் எழும்பி மெதுவாக இருக்கும் பயிற்சியை எட்டுப் பத்துத் தடவை செய்யச் சொல். தொடைக்கு யந்திரம் தரும் வேலையிற் பெரும்பங்கை அது தரும். விழுந்தாலும் கதிரையிலேயே விழுவார். வெயிலாறிய மாலையில் ஒழுங்கைவழியே நீயும் கூட நட. வைத்தியர் உணர்ச்சி குறைவில்லை என்று சொல்வாராயின், சுவரருகே ஒற்றைக்காலில் பத்து நொடி நிற்க முடிகிறதா என்று பார். முடிந்தால், நீ வீட்டிலிருக்கும் வேளையில், பிடியைப் பற்றி மூன்று நிமிடம் மிதிக்கத் தொடங்கலாம். கிழமைக்கு ஒரு நிமிடம் கூட்டினாற் போதும். மிதியின் உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு இருந்தால் மிகக் குறைந்த நிலையில் வை. கையருகே குளுக்கோசும் தண்ணீரும் இருக்கட்டும். முடிந்தபின் சப்பாத்தைக் கழற்றிப் பாதத்தின் அடியை நீயே பார். தமையனாருக்கு இவற்றை எழுதுவதும் உன் பொறுப்பே. நிமிடக் கணக்கைக் கேட்பதை அவர் சிறிது காலம் நிறுத்தட்டும். அன்பினாற் கேட்கிறார் என்பதில் ஐயமில்லை, ஆனால் ஆயிரக்கணக்கான மைல் தொலைவிலிருந்து கேட்பவருக்குச் சுவரைப் பிடிக்கும் கை தெரியாது.

ஏனைய வீடுகளுக்கும் இரண்டொரு வார்த்தை. யந்திரத்தின் மேல் ஒட்டியிருக்கும் தாளில் அது தாங்கும் நிறை எழுதப்பட்டிருக்கும். அதற்கு மேற்பட்டவர் ஏறலாகாது. மாதம் ஒருமுறை மரையாணிகளை இறுக்கிப் பாருங்கள். உருளையின் அடியில் எண்ணெய்க் கசிவு இருக்கிறதா என்று வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். கசிந்த எண்ணெய் தரையோட்டிற் பட்டால் யந்திரத்தில் ஏறாதவரும் வழுக்குவர். சிலவற்றிற் கைகளால் இழுப்பதற்கென்று இறப்பர் வடம் பூட்டியிருப்பர். வெடிப்புக் கண்ட வடம் அறுந்து முகத்தில் அடிக்கும். வெடிப்பைக் கண்டவுடன் கழற்றி எறிந்துவிடுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாகச் சிறு பிள்ளைகள். ஒரு மிதி தாழும்போது மற்றது எழும்பும் அந்த வேடிக்கை அவர்களுக்கு ஊஞ்சலைவிட இனிது. தமையன் மேலே நின்று மிதிக்க, தங்கை கீழே குனிந்து உருளையைப் பார்ப்பாள். பலகைக்கும் சட்டத்துக்கும் இடையே விரல் நசிவதற்கு ஒரு மிதி போதும். பயிற்சி முடிந்து உருளை ஆறியபின், இரு மிதிகளையும் கயிற்றாற் சேர்த்துக் கட்டி, அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிடுங்கள்.